இருபத்து மூன்றாம் தாள்

நாற்பது பெண்கள். நாற்பது பேருக்கும் நாளையைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. ஆய்வு வழிகாட்டி சௌந்தரம் மேடத்தின் கணினி அப்படித்தான் சொன்னது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, திரையை சிந்துஜாவின் பக்கம் திருப்பினார். மேலிருந்து கீழ்வரை பூஜ்ஜியம். கோலத்தில் தவறி விழுந்த புள்ளி மாதிரி எங்கோ ஓரிடத்தில் மட்டும் ஓர் ஒன்று.

“இதெல்லாம் அவுங்க குடுத்த பதிலா, இல்ல ஹாஸ்டல்ல உக்காந்து நீயே போட்டதா?”

“அவுங்க குடுத்ததுதான் மேடம்.”

“புருஷன கடலுக்கு அனுப்பிட்டுக் கரையில உக்காந்திருக்கற பொம்பளைங்க. அதுல ஒருத்திக்குக்கூடவா மனசு விட்டுப்போன நாள் இல்ல? நான் நம்புனாலும் எக்ஸாமினர் நம்ப மாட்டாரு. மறுபடி போ. இந்தத் தடவ ஒவ்வொரு தாளையும் அங்கயே சரி பாரு. சந்தேகம்னா அங்கயே கேளு. இங்க வந்து முழிச்சிக்கிட்டு நிக்காத.”

சிந்துஜா தலையாட்டினாள். சிதம்பரத்தில் உளவியல் இரண்டாம் ஆண்டு. மார்ச் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். மனிதர்களின் குணத்துக்கும் அவர்களுடைய நம்பிக்கைக்கும், நம்பிக்கை இழப்புக்கும் உள்ள தொடர்பு என்பது தலைப்பு. கடலூர் முதுநகருக்குத் தெற்கே புன்னைக்குப்பம் என்ற மீனவக் கிராமத்துப் பெண்களிடம் வாய்மொழியாகக் கேட்டு இரண்டு கேள்வித்தாள்களை நிரப்பியிருந்தாள். முதல் தாள் ஆளின் குணத்தை அளக்கும்: கலகலப்பானவரா, பதறுகிறவரா, எதையும் ஒழுங்காகச் செய்கிறவரா. இரண்டாவது தாளில் இருபது வாசகங்கள். பாதி நம்பிக்கையானவை, பாதி நம்பிக்கை போனவை. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் அல்லது இல்லை. நம்பிக்கை போனதைக் காட்டும் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண். கலகலப்பானவர்களுக்கு நம்பிக்கை அதிகம் இருக்கும், பதறுகிறவர்களுக்குக் குறைவாக இருக்கும் என்பது அவள் எழுதிவைத்திருந்த கணிப்பு.

குறிஞ்சிப்பாடியில் வளர்ந்த நாளிலிருந்தே அவள் வீட்டைப் பூட்டிய பிறகு மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். அந்த முதல் தாளைத் தனக்கே ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். ஒழுங்கும் அதிகம், பதற்றமும் அதிகம் என்று வந்தது. அறைத்தோழி பூஜா எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் சேந்து வந்தா மாமியார் பதவிக்குத்தான்டி லாயக்கு” என்றாள். சிந்துஜாவுக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை புன்னைக்குப்பத்துக்குப் போய் இறங்கியதும் நேரே அமராவதியிடம் போனாள். மகளிர் குழுத் தலைவி. நெத்திலி காயவைத்த வலையை நீவிக்கொண்டே அமராவதி முழுக் கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“நீ வந்தன்னிக்கு போட்டுங்க எல்லாம் கடல்ல இல்ல இருந்துச்சு பாப்பா. அந்த நேரத்துல வந்து ‘இனிமே நல்லது நடக்காதா’ன்னு கேக்கற. எந்தச் சிறுக்கியாவது ஆமான்னு சொல்லுவாளா? ஆம்பள கடல்ல இருக்கறப்ப உப்பு தீந்துடுச்சுன்னுகூட நாங்க சொல்ல மாட்டோம். உப்பு வாங்கணும்னுதான் சொல்லுவோம்.”

“அப்ப எல்லாரும் கரையில இருக்கற நாளா பாத்து வரட்டுமா அக்கா?”

“அது மாதிரி நாளு எங்க இருக்கு? எவன் போட்டாவது ஒண்ணு உள்ளதான் கெடக்கும். நீ வாயால பதில் கேக்காத, அவ்ளோதான். வாயிலேருந்து வர்றதுதான் பலிக்கும். பேனாவால போட்டா எந்தச் சாமி வந்து படிக்கப்போவுது?”

யோசித்துப் பார்த்தால் எளிய வழிதான். வாசகத்தை சிந்துஜா படிப்பாள். ஒவ்வொரு வாசகத்துக்கும் தாளில் இரண்டு கட்டம். ஆமாம் என்றால் இடப்பக்கக் கட்டத்தில் கோடு, இல்லை என்றால் வலப்பக்கத்தில். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் போடலாம். தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும். இன்னார் என்று வெளியே தெரியாது.

அடுத்த வியாழக்கிழமை சமுதாயக் கூடத்தில் நாற்பது பேரும் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். பரீட்சை எழுதப்போகிற குதூகலம் அவர்களுக்கு. “ஏ, எம்பக்கம் எட்டிப் பாக்காதடி, காப்பியடிச்சா டீச்சரம்மா வெளிய அனுப்பிடும்” என்று ஒரு குரல் வந்தது. கூடமே சிரித்தது. குரல் வேலம்மாளுடையது.

வேலம்மாளை சிந்துஜாவுக்கு முதல் தடவையே பிடித்துப்போயிருந்தது. முப்பத்து நாலு வயது. காலையில் முதுநகர் ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, சிதம்பரத்துத் தெருக்களில் விற்றுவிட்டு வருகிறவள். பெரிய பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு, வாய் நிறையப் பேச்சு. குணத்தாளில் கலகலப்புக்கு நாற்பது பேரிலும் அவளுக்குத்தான் அதிக மதிப்பெண். “வீட்டுக்காரர் என்ன பண்றாரு?” என்று முதல் தடவை கேட்டபோது, “கடலுக்குப் போயிருக்காரு” என்றாள். சிந்துஜா ‘மீன்பிடித் தொழில்’ என்று எழுதிக்கொண்டாள். நம்பிக்கைத் தாளில் அன்று வேலம்மாள் வாங்கியதும் சுத்தமான பூஜ்ஜியம்.

இப்போது பேனா பிடித்ததும் கூடம் அடங்கிவிட்டது. சிந்துஜா ஒவ்வொரு வாசகமாகப் படித்தாள். வெளியே ஐஸ் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். உள்ளே பேனா உரசும் சத்தம் மட்டும். சிலர் உள்ளங்கையால் தாளை மூடிக்கொண்டு கோடு போட்டார்கள். ஒருத்தி போட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடம் கேட்டது இதுதான். இதோ, உண்மை வருகிறது.

தாள்களை வாங்கி அங்கேயே ஒவ்வொன்றாகச் சரி பார்த்தாள். கட்டம் விட்டுப்போன தாள்களைத் திருப்பிக் கொடுத்து நிரப்பச் சொன்னாள். பெண்கள் வாசலில் காலாறிக்கொண்டும் செருப்பைத் தேடிக்கொண்டும் நின்றார்கள். இருபத்து மூன்றாம் தாளில் அவள் கை நின்றது. இருபதுக்கு இருபது. ஒரு வாசகத்தில்கூட நம்பிக்கையின் சாயல் இல்லை. நல்ல வாசகங்கள் எல்லாவற்றுக்கும் வலப்பக்கம், கெட்ட வாசகங்கள் எல்லாவற்றுக்கும் இடப்பக்கம். முதல் சுற்றில் இதே எண்ணுக்குப் பூஜ்ஜியம்.

அவளுடைய மூளை ஒழுங்காக வேலை செய்தது. இடதையும் வலதையும் ஒருத்தி முழுக்க மாற்றிப் புரிந்துகொண்டிருந்தால், பூஜ்ஜியம் இருபதாகத்தான் தெரியும். கணக்குப்படி அதுதான் சரி. சந்தேகம்னா அங்கயே கேளு.

“இருபத்து மூணு யாரு?”

“நாந்தான் டீச்சரம்மா” என்று வாசலிலிருந்து வேலம்மாள் கை தூக்கினாள்.

“அக்கா, ‘இனிமே எனக்கு நல்லது எதுவும் நடக்காது’ங்கறதுக்கு ஆமான்னு போட்டிருக்கீங்க. ‘நான் காத்திருக்கறது வீண்’ங்கறதுக்கும் ஆமா. எல்லாமே இப்பிடித்தான் இருக்கு. கட்டத்த மாத்திப் போட்டுட்டீங்களா?”

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தூணருகே உட்கார்ந்திருந்த ஒல்லியான பெண் ஒருத்தி மெதுவாக எழுந்தாள். கொளஞ்சியம்மாள், வேலம்மாளின் மாமியார். அவள் கை எப்போதும் லேசாக நடுங்கும். இப்போது உடம்பே நடுங்கியது.

“என்னாடி போட்ட?”

வேலம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“காத்திருக்கறது வீணா? எம்புள்ளைக்குக் கொள்ளி வெக்க உனக்கு யாருடி பேனா குடுத்தது?”

அமராவதி ஓடிவந்து சிந்துஜாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். ஷேர் ஆட்டோ வரும்வரை நிற்கவைத்து, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். வேலம்மாளின் கணவன் இளவரசு கடலுக்குப் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. படகு கவிழ்ந்து காரைக்கால் பக்கம் ஒதுங்கியது. கூடப் போன சிங்காரத்தின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. இளவரசு கிடைக்கவில்லை. வேறு நாட்டுச் சிறையில் இருப்பான், பேர் தெரியாத தீவில் இருப்பான் என்று கொளஞ்சியம்மாள் குறி கேட்காத இடம் இல்லை. ஊரில் யாரும் அவனைப் பற்றி இருந்தான் என்று பேசுவதில்லை. இருக்கிறான் என்றுதான் பேசுவார்கள்.

“எனக்குத் தெரியாதே அக்கா” என்றாள் சிந்துஜா.

“தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்ட. சரி போ. ஒரு வாரம் இந்தப் பக்கம் வராத.”

ஒரு வாரம் வரைக்கும் பொறுக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு ஹாஸ்டல் வாட்ச்மேன் ஆள் அனுப்பினார். கேட்டில் மீன்காரம்மா நிற்கிறது, நாற்றம் தாங்கவில்லை, சீக்கிரம் வந்து பேசி அனுப்பு என்று.

வேலம்மாள் அன்னக்கூடையைத் தரையில் வைத்துவிட்டு, சும்மாட்டுத் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிந்துஜாவைப் பார்த்ததும் சிரித்தாள். எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்பு. அது இன்னும் பயமாக இருந்தது.

“என்னா பாப்பா, எளச்சிப்போயிட்ட? சங்கரா இருக்குது, ஹாஸ்டல்ல கொழம்பு வெப்பாங்களா?”

“அக்கா, நான் பண்ணது பெரிய தப்பு. அந்தத் தாள இன்னிக்கே கிழிச்சிப் போட்டுடறேன்.”

“கிழிக்காத. வா, டீ குடிக்கலாம்.”

ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் நின்றார்கள். வேலம்மாள் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். திருச்சிப் பக்கம் போகிற ரயில் ஒன்று போய்முடிந்ததும் சொன்னாள்.

“அத்தை சாப்புடல. நாலு நாளா டீத்தண்ணி மட்டுந்தான். அதுவும் நான் போட்டா தொடறதில்ல, அமராவதி போட்டுக் குடுக்குது. வாசப்படியில கடலப் பாத்தாப்புல குந்திக்கினே இருக்கு. நேத்து தண்ணிக்கு எழுந்தப்ப மயக்கம் போட்டு விழுந்துடுச்சி. ஆஸ்பத்திரிக்குன்னா வரமாட்டேங்குது. ‘பெத்தவ பட்டினி கெடந்தா மவன் எங்க இருந்தாலும் அவனுக்கு நெஞ்சு அடைக்கும், வந்து நிப்பான்’னு சொல்லுது.”

“நான் வந்து கால்ல விழட்டுமா?”

“கால்ல விழுந்து என்னா ஆவப்போவுது? நீ ஒண்ணு பண்ணணும். அன்னிக்கு நீ கேட்டியே, கட்டம் மாத்திப் போட்டுட்டீங்களான்னு. அதையே வந்து அத்தைகிட்ட சொல்லணும். இவ படிக்காதவ, எடதும் வலதும் மாத்திப் போட்டுட்டா, நான் கம்ப்யூட்டர்ல பாத்துட்டேன், அவ மனசுல எல்லாம் நல்லபடியாத்தான் இருக்குன்னு.”

சிந்துஜா டீயைக் குடிக்காமல் வைத்திருந்தாள். “மாத்தித்தான் போட்டீங்களா அக்கா?”

“நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ” என்றாள் வேலம்மாள்.

பிறகு அவளே சொன்னாள். முதல் ஆறு மாதம் ராத்திரியில் நாய் குரைத்தாலும் எழுந்து உட்காருவாளாம். யாராவது கதவைத் தட்டினால் கையும் ஓடாது, காலும் ஓடாது. கரையில் எந்தப் போட்டு ஒதுங்கினாலும் ஓடிப்போய், இறங்குகிறவர்களின் முகத்தை எண்ணுவாளாம். பிறகு ஒரு நாள் சிதம்பரத்தில் கீழவீதி முனையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தபோது, அவர் வரமாட்டார் என்று தெரிந்துவிட்டது. யாரும் வந்து சொல்லவில்லை. கத்தியில் செதில் ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தெரிந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் விடியும்வரை தூங்கினாள்.

“அதுக்கப்பறந்தான் எனக்குப் பசிச்சது, சிரிப்பு வந்துச்சு. மொதல் தடவ வந்தப்ப நீ என்னமோ சொன்னியே, சிரிக்கறவங்களுக்கு நம்பிக்கை ஜாஸ்தியா இருக்கும்னு? எனக்கு நம்பிக்கை போனப்பறந்தான் பாப்பா சிரிப்பே வந்துச்சு. எங்க அத்தையப் பாரு. காத்தடிச்சா பயம், வானம் கறுத்தா பயம், பல்லி கத்துனா பயம். ஊரு பயத்த எல்லாம் அது ஒண்ணே சொமக்குது. ஆனா மவன் வருவாங்கறதுல மட்டும் ஒரு பொட்டு சந்தேகம் கெடையாது. இத எந்தக் கட்டத்துல போடுவ?”

சிந்துஜா டீயின் மேல் படிந்த ஆடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்தன நாளும் யார்கிட்டயும் சொல்ல முடியாது. சொன்னா நானே அவர தண்ணியில அமுக்கன மாதிரி. அன்னிக்கு நீ பேனா குடுத்த. போட்டுட்டேன். எட்டு மாசமா தலையில இருந்த கூடைய எறக்கி வெச்சாப்புல இருந்துச்சு, நீ என்ன கூப்புடற வரைக்கும்.” அவள் கிளாஸைக் கவிழ்த்து மிச்சத்தைத் தரையில் ஊற்றினாள். “வா. பதினொண்ணே காலுக்கு பஸ் இருக்கு.”

பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கீழே அன்னக்கூடை இருந்தது. விற்காத சங்கரா ஐஸ் உருகி ஒழுகியது. கண்டக்டர் திட்டினார், வேலம்மாள் திருப்பித் திட்டினாள், இருவரும் சிரித்துக்கொண்டார்கள். புதுச்சத்திரம் தாண்டும்வரை சிந்துஜா சொல்லவேண்டிய பொய்யை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பரீட்சைக்கு முந்தின நிமிஷம் மாதிரி, முதல் வரி மட்டும் மறந்துபோய்க்கொண்டே இருந்தது. பையில் இருபத்து மூன்றாம் தாள் இருந்தது. மூன்று தடவை ஜிப்பைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்த்தாள்.

கொளஞ்சியம்மாள் வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாளில் பாதியாகியிருந்தாள். கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்து மடியில் அமுக்கிவைத்திருந்தாள். சிந்துஜா எதிரே மணலில் மண்டியிட்டாள். அமராவதியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் வந்து நின்றார்கள்.

“அம்மா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு” என்று ஆரம்பித்தாள். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. “ஹாஸ்டல்ல போய் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். வேலம்மாக்கா எடம் வலம் மாத்திப் போட்டுட்டாங்க. எல்லாத்தையும் திருப்பிப் பாத்தா, நாப்பது பேர்ல அவுங்களுக்குத்தான் நம்பிக்கை ஜாஸ்தி.”

தாளை எடுத்துக் காட்டினாள். கொளஞ்சியம்மாள் அதைப் பார்க்கவேயில்லை. சிந்துஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் சிந்துஜா தாளின் ஓரத்தை மடித்தாள், நீவினாள், மறுபடி மடித்தாள்.

“பேப்பரு எடமும் காட்டும், வலமும் காட்டும்” என்றாள் கொளஞ்சியம்மாள். நாக்கு உலர்ந்து ஒட்டிய குரல். “எனக்குப் பேப்பர் வேணாம். வாயால சொல்லச் சொல்லு. நீ படி. அவ சொல்லட்டும். ஆமா, இல்லன்னு ஒத்த வார்த்தையில வேணாம். முழுசா சொல்லட்டும், கடலுக்குக் கேக்கறாப்புல.”

சிந்துஜா வேலம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு கண்ணசைவு வந்திருந்தால்கூட எழுந்துவிட்டிருப்பாள். வேலம்மாள் கூடையை இறக்கிவைத்தாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், மாமியாருக்கு எதிரே கடலுக்கு முகம் காட்டி நின்றாள்.

“படி பாப்பா.”

“ஒண்ணு. வரப்போற நாள நெனச்சா எனக்குத் தெம்பா இருக்கு.”

“வரப்போற நாள நெனச்சா எனக்குத் தெம்பா இருக்கு” என்றாள் வேலம்மாள். ஏலத்தில் விலை கூவுகிற குரல்.

“ரெண்டு. நான் ஆசப்பட்டது எதுவும் நடக்காது.”

“நான் ஆசப்பட்டது நடக்கும்.”

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. முதலில் அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னாள். ஆறாவதற்கு ஒரு சிரிப்புக்கூட எட்டிப் பார்த்தது, அமராவதி முறைத்ததும் அடங்கியது. ஒன்பதாவதை சிந்துஜா படித்தாள்: இனிமே எனக்கு நல்லது எதுவும் நடக்காது. அன்று கூடத்தில் எல்லார் முன்னாலும் வேலம்மாளைக் கேட்ட அதே வாசகம்.

“இனிமே எனக்கு நல்லது நடக்கும்” என்றாள் வேலம்மாள், நிறுத்தாமல்.

பன்னிரண்டில் குரல் இறங்கியது. மற்றவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதை மறந்தவள் மாதிரி, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. பதினைந்து.

“நான் காத்திருக்கறது வீண்.”

கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களின் ஏலேலோ சத்தம் கேட்டது. கொளஞ்சியம்மாளின் கை மற்றக் கையிலிருந்து நழுவி, மடியில் தனியாக நடுங்கியது.

“நான் காத்திருக்கறது வீணில்ல” என்றாள் வேலம்மாள். பிறகு, தாளில் இல்லாத ஒன்றையும் சொன்னாள். “அவரு வருவாரு.”

மிச்சம் ஐந்தையும் சிந்துஜா படித்தாளா, யாராவது கேட்டார்களா என்பது பிறகு அவளுக்கு நினைவில் இல்லை. கொளஞ்சியம்மாள் அழுதாள். சத்தமே வராத அழுகை, தோள் மட்டும் ஆடியது. அப்புறம் மருமகளைப் பார்த்து, “என்னாத்தயாவது கரைச்சுக் குடுடி” என்றாள். வேலம்மாள் உள்ளே ஓடினாள். பழைய சோற்றைக் கரைத்து, உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். மாமியாரின் கை நடுங்கியதால் சொம்பை அவளே வாயில் வைத்துப் பிடித்தாள். நின்றிருந்த பெண்கள் பெருமூச்சு விட்டுக் கலைந்தார்கள். அமராவதி சிந்துஜாவின் முதுகில் தட்டினாள். “நல்ல வேல பண்ண, போ.”

வேலம்மாள் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். இருவரும் சவுக்கு நிழலில் நின்றார்கள். ஒரு காரியத்தைச் சரி செய்து முடித்துவிட்ட நிம்மதி சிந்துஜாவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வழியெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டே வருகிற வேலம்மாள் இப்போது காலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்தத் தாள் இங்கதான் இருக்கு. கிழிக்க வேணாம்னு சொன்னீங்க. பேரில்லாம பத்திரமா வெச்சிக்கறேன். அதுல உங்களோட உண்ம இருக்கு.”

“அது இப்ப என்னுது இல்ல பாப்பா.”

சிந்துஜாவுக்கு முதலில் புரியவில்லை.

“வாயால சொன்னா பலிக்கும்னு சொல்லுவாங்க. நான் அதெல்லாம் நம்பறதில்ல. அத்தைக்கு ரெண்டு வாய் சோறு எறங்கட்டும்னு பொய்தான் சொல்ல ஆரம்பிச்சேன். பத்து வரைக்கும் பொய்தான். அப்பறம்…” வேலம்மாள் சாலையைப் பார்த்தாள். “அவரு கரைக்கு வருவாரோ, வரமாட்டாரோ, அது எனக்குத் தெரியாது. இங்க வந்துட்டாரு.” நெஞ்சைத் தொட்டுக் காட்டவில்லை. கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “எவ்ளோ கஷ்டப்பட்டு அனுப்பி வெச்சேன் தெரியுமா? எட்டு மாசம். ஒரு நிமிசத்துல உள்ள வந்து குந்திக்கிட்டாரு.”

“அது நல்லதுதான அக்கா?” என்று சிந்துஜா கேட்டாள். கேட்கும்போதே அது எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று தெரிந்தது.

வேலம்மாள் கோபப்படவில்லை. “இன்னிக்கு ராத்திரிலேருந்து நான் எப்பிடித் தூங்குவேன், சொல்லு” என்றாள். உண்மையாகவே கேட்டாள். படித்தவள், ஏதாவது வழி தெரிந்திருக்கும் என்கிற மாதிரி.

சிந்துஜாவின் படிப்பில் எல்லாமே இழந்த நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவருவதற்கான வழிகள்தான். வந்துவிட்ட நம்பிக்கையை என்ன செய்வது என்று ஒரு பக்கம்கூட அவள் படித்ததில்லை. வேலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் செதில் காய்ந்து சொரசொரவென்றிருந்த கை. இருவரும் அப்படியே நின்றார்கள். சவுக்குக்கு அந்தப் பக்கம் கடல் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் வந்தது.

பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. அதே நேரம் வேலம்மாளின் இடுப்பில் செல்போன் அடித்தது. சிந்துஜா பிடித்திருந்த கையை அவள் உதறிய வேகத்தில் சுருக்குப்பையின் கயிறு அறுந்து, சில்லறை மண்ணில் சிதறியது. அவள் குனியவில்லை.

“அலோ? அலோ, யாரு? யாருங்க?”

போனிலிருந்து ஒரு பெண்ணின் பதிவுசெய்த குரல் கேட்டது. புதிய ரீசார்ஜ் திட்டம், தினமும் இரண்டு ஜிபி, மேலும் விவரங்களுக்கு எண் ஒன்றை அழுத்தவும். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதி, “சிதம்பரம் ஏறறவங்க ஏறுங்க” என்றார். சிந்துஜா படியில் ஏறித் திரும்பிப் பார்த்தாள். வேலம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தக் குரல் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்த பிறகும் எடுக்கவில்லை.